விருப்பப் பட்டியலை என் கடையில் போட வேண்டாம்: நெல்லைச் சீமைத் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசு, அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு வணக்கம்.

அம்பாசமுத்திரம் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் கடையில் நிற்க இடம் இருக்காது. பீடித் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்த அம்மா, கொத்து வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்த அப்பா. மஞ்சப்பையில் இருந்து சர்டிபிகேட்டை எடுத்து மேசையில் பரப்பி, "நீங்களே நல்லதா ஒண்ணப் போட்டு விடுங்க அண்ணாச்சி" என்பார்கள். பிள்ளை பின்னால் நின்று சுவரில் இருக்கும் ஜெராக்ஸ் ரேட்டைப் படித்துக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளைக்குக் கணக்கு வருமா, ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருமா என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பத்து நிமிஷம் பார்த்த நான் எதைப் போட? அதனால்தான் கேட்கிறேன்: எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு வேண்டும் என்று வரிசையாகப் பதியும் அந்த விருப்பப் பட்டியலை உங்கள் பள்ளியிலேயே போட்டு அனுப்புங்கள்.

பொறியியல் கவுன்சிலிங்கையே எடுத்துக்கொள்வோம். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுவது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. 2018-ல் இருந்து ஆன்லைனில் நடக்கும் இந்தக் கவுன்சிலிங்கில் விருப்பப் பட்டியலின் வரிசைதான் பிள்ளையின் தலையெழுத்து என்பது மட்டும் இன்னும் பலருக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டர் மேலே இருந்து படித்துக்கொண்டு வரும். இந்த ரேங்குக்குக் காலியாக இருக்கிற முதல் இடத்தில் நின்றுவிடும். அதற்குக் கீழே இருப்பதை அது பார்ப்பதே இல்லை. "கிடைக்காததை மேல போட்டா சீட்டு வீணாப் போயிருமே" என்று பயந்து, நிச்சயம் கிடைக்கும் தனியார் கல்லூரியை முதலில் போடச் சொல்கிறார்கள். அப்படித்தான் ஒரு பிள்ளை, பாளையங்கோட்டை அரசு பொறியியல் கல்லூரியில் சிவில் கிடைத்திருக்க வேண்டியவள், சித்தப்பா சொன்ன தனியார் கல்லூரிக் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேலே இருந்ததால் அதற்கே போனாள். கிடைக்காததை மேலே போட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை, கம்ப்யூட்டர் அதைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடும். இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டக் கால் மணி நேரம் போதும். அன்றைக்கு அந்தப் பிள்ளையின் கணக்கு டீச்சர் பக்கத்தில் இருந்திருந்தால் சித்தப்பாவால் வாய் திறந்திருக்க முடியாது.

இன்னொன்று செல் நம்பர். பம்பாயில் இருக்கும் மாமா நம்பரைக் கொடுத்துப் பதிந்துவிடுகிறார்கள். ஓடிபி வரும்போது மாமா ரயிலில் இருப்பார். ஒதுக்கிய இடத்தை உறுதிசெய்யக் கிடைப்பதோ இரண்டு நாள்தான்.

குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டப் படிப்புக்குப் போகிறவர் என்று காட்டும் முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் ஆபீஸ் என்று படியேறி வர வேண்டியவை. ரிசல்ட்டுக்கு அப்புறம் விண்ணப்பித்தால் ஊரே அந்த வரிசையில் நிற்கும். பொதுத்தேர்வுக்கு முன்பே நீங்கள் பட்டியல் போட்டு விண்ணப்பிக்க வைக்கலாம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் 7.5 சதவீத ஒதுக்கீடு. கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டும். உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது கிடையாது. நம் சீமையில் மிஷன் பள்ளிகள் ஏராளம் என்பதால் இந்த ஏமாற்றம் என் கடையில் அடிக்கடி நடக்கிறது. ஆனால் அதே பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள் கல்லூரிக்குப் போனால், பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் துறையின் கல்வி உதவித்தொகை தனி. பீடி சுற்றும் முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துப் பள்ளிகளில் இதை யாராவது சொல்கிறீர்களா?

நீட் போனால் உலகமே போச்சு என்று அழுதுகொண்டு வருகிறார்கள். இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு மாநில ஒதுக்கீட்டில் ப்ளஸ் டூ மார்க்கே போதும். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியும், 1977-ல் தொடங்கிய தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியும் அப்படித்தான். நெல்லை அரசு சட்டக் கல்லூரிக்கு எந்த குரூப் படித்தவரும் போகலாம். கலைக் கல்லூரியில் சேர்பவர்களிடம் உதவிபெறும் பிரிவுக்கும் சுயநிதிப் பிரிவுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லுங்கள். ஒரே வளாகம், ஒரே பட்டம், சுயநிதியில் ஃபீஸ் மட்டும் பல மடங்கு.

ஒரு விஷயம் கசப்பாகத்தான் இருக்கும். ரிசல்ட்டுக்கு முன்னாலேயே பிள்ளைகளின் நம்பருக்குக் கல்லூரி ஏஜெண்டுகளிடம் இருந்து போன் வருகிறது. நம்பர் எங்கிருந்து போகிறது? என் கடையில் இருந்து போகவில்லை. அட்வான்ஸ் வாங்கி ஒரிஜினலையும் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். கல்லூரிகள் ஒரிஜினலை வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-லேயே சொல்லியிருக்கிறது. கவுன்சிலிங் இல்லாமல் மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சலுகையும் போச்சு என்பதை ஏஜெண்ட் சொல்ல மாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் 'கல்லூரிக் கனவு' என்று மேற்படிப்பு வழிகாட்டும் நிகழ்ச்சி நடத்துகிறீர்கள், மறுக்கவில்லை. மண்டபத்தில் நூறு பேரோடு உட்கார்ந்து கேட்பது வேறு, தன் மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது வேறு.

அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது, இன்டர்நெட் இருக்கிறது. ரிசல்ட் வந்த நாளில் இருந்து கவுன்சிலிங் முடியும் வரை, காலையில் இரண்டு மணி நேரம் அதைத் திறந்து, ஒரு கணக்கு ஆசிரியரையும் ஒரு உயிரியல் ஆசிரியரையும் உட்கார வையுங்கள். உதவிபெறும் பள்ளிகளில் அலுவலகக் கம்ப்யூட்டர் ஒன்று போதும். கோடை விடுமுறையில் ஆசிரியர்களை வரச் சொல்வது லேசல்ல என்று தெரியும். முறை வைத்து வரட்டும். விருப்பப் பட்டியலை எப்படி நிரப்புவது என்று காட்ட ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், காசு வேண்டாம். சீசன் வருமானம் குறையும், அது என் பாடு.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர்காரன்,
அம்பாசமுத்திரம் வட்டாரம்