மல்லாட்டைச் செடியைப் பிடுங்கிப் பார்த்தோம்

அணைக்கட்டு,
வேலூர் மாவட்டம்.

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை முதலில் அம்மாவிடம்தான் படித்துக் காட்டினேன். மூட்டுவலியோடு உட்கார்ந்திருந்தவர், "விடுதியிலிருந்து என் கையால் சாப்பிட ஏங்கிக்கொண்டு இங்கே வருமே, அந்தப் பெண்ணின் மகளுக்கா?" என்று முகம் மலர்ந்து கேட்டார். நான் அதே பள்ளியில்தான் இருக்கிறேன். இந்த வருடமும் மாறுதல் கேட்கவில்லை.

பயிர்களின் வகைகளையும் பயன்களையும் எப்படி நடத்துகிறாய் என்று கேட்டிருந்தாய். உணவுப்பயிர், பணப்பயிர், எண்ணெய் வித்து, நார்ப்பயிர் என்று கரும்பலகையில் கட்டம் போட்டால் பிள்ளைகள் ஒரே நாளில் ஒப்பித்துவிடுகிறார்கள், தேர்வுக்கு அது போதும் என்றும் எழுதியிருந்தாய். தேர்வுக்குப் போதும்தான். ஆனால் ஒரு பயிரை ஒரு கட்டத்துக்குள் அடைத்தவுடன் அதன் பாதிப் பயன் பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. அதனால் நான் கட்டத்தைக் கடைசியில்தான் போடுகிறேன்.

மல்லாட்டையில், அதாவது நிலக்கடலையில், ஆரம்பித்தேன். ஆடிப்பட்டத்தில் விதைத்த கொல்லை ஒன்று பள்ளிக்குப் பின்னாலேயே இருக்கிறது. புரட்டாசியில் உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு ஒரு செடியை மண்ணோடு பிடுங்கினோம். மேலே மஞ்சள் பூ, கீழே காய். பூ பூத்து முடிந்ததும் அதன் அடியிலிருந்து ஊசி போன்ற விழுது இறங்கி மண்ணுக்குள் நுழைகிறது. அதன் நுனிதான் காயாகிறது. மண்ணைத் தொடாத விழுதுகளும் அந்தச் செடியிலேயே காய்ந்து தொங்கின. காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை மண்ணிலிருந்து நேராக உறிஞ்சிக்கொள்கிறது என்று சொன்னேன். உடனே ஒரு பையன், "அதற்குத்தான் எங்கள் தாத்தா ஜிப்சம் போட்டு மண் அணைக்கிறாரா, டீச்சர்?" என்று கேட்டான். அதற்கேதான், ஜிப்சத்தில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. விதைத்த 40, 45 நாளில் அதைச் செய்யத் தவறினால் உள்ளே பருப்பில்லாத பொக்குக் காய் கூடிவிடும். தாத்தா செய்வதற்குக் காரணம் தெரிந்ததும் அந்தப் பையனுக்கு வந்த பெருமையை நீ பார்த்திருக்க வேண்டும்.

வேரில் கடுகளவு முடிச்சுகள் இருந்தன. ஒன்றை நகத்தால் கிள்ளிக் காட்டினேன். உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால் முடிச்சிலுள்ள பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். எல்லோரும் ஆளுக்கொன்று கிள்ளிப் பார்க்காமல் கொல்லையை விட்டு நகரவில்லை.

பிறகு வகுப்பில் ஒரே கேள்விதான் கேட்டேன்: இந்தச் செடியில் எதைத் தூக்கி எறிவீர்கள்? பருப்பின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். செக்கில் மிஞ்சும் புண்ணாக்கு மாட்டுக்கு. காய் பறித்த கொடியும் மாட்டுக்கு. ஓடு அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும். வேர் மண்ணுக்கு. எறிவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. இதை எண்ணெய் வித்து என்று மட்டும் எழுதினால் எப்படி?

கரும்புக்கு அதிக நேரம் ஆகவில்லை. வெல்லம் காய்ச்சும் கொட்டகையைப் பார்க்காத பிள்ளை இங்கே குறைவு. சாறு பிழிந்த சக்கையே காய்ந்து அதே சாற்றைக் காய்ச்ச அடுப்புக்குப் போகிறது என்பதை அவர்களே சொல்லிவிட்டார்கள். அந்தச் சக்கையிலிருந்து காகிதமும் செய்கிறார்கள் என்பது மட்டும்தான் என் பங்கு.

சாமைக்கு நானே மாணவியாக உட்கார்ந்தேன். ஜவ்வாது மலையிலுள்ள பீஞ்சமந்தையிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கும் ஒரு சிறுமி இருக்கிறாள். வகுப்பில் வாய் திறக்கவே மாட்டாள். அந்த மலையில் சாமை விதைப்பதையும், கதிரடிப்பதையும், பாட்டி உரலில் குத்திப் புடைப்பதையும் எழுந்து நின்று சொன்னாள். மானாவாரியில், மழை குறைந்தாலும் மூன்று மாதத்தில் வீட்டுக்குத் தானியம் கொடுக்கிற பயிர். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததைச் சொல்லி, "உங்கள் பாட்டி குத்துகிற தானியத்துக்குத்தான் அந்த மரியாதை" என்றேன். அதன் பிறகு அவள் வாரம் ஒரு முறையாவது கை தூக்குகிறாள்.

இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு பாடுபடுகிறேன் என்று நீ நினைக்கலாம். இங்கே முன்போல இல்லை. நிறையப் பிள்ளைகளின் அம்மாக்கள் விடிந்ததும் ஷூ கம்பெனி வேனில் ஏறிவிடுகிறார்கள். கழனிகள் மனைகளாகிக்கொண்டிருக்கின்றன. பக்கத்து இலவம்பாடியின் முள்ளுக்கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதன் காம்பு முள்ளில் கை குத்தாத பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அந்த அம்மாக்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. வீட்டில் கிடைக்காததைப் பள்ளி கொடுக்கட்டும் என்கிறேன்.

ஒரு உதவி வேண்டும். இங்கே நார்ப்பயிர் என்றால் காட்ட எதுவும் இல்லை. உன் கோவில்பட்டிக் கரிசலில் பருத்தி இருக்குமே. வெடித்த காய்கள் கொஞ்சம், வெடிக்காதவை இரண்டு மூன்று, செடியோடு கிடைத்தால் இன்னும் நல்லது, அனுப்பி வை. விதையை எடுத்துவிடாதே, பஞ்சிலிருந்து விதையைப் பிரிப்பது எவ்வளவு சிரமம் என்று பிள்ளைகள் விரலால் பிய்த்துப் பார்க்க வேண்டும். ஒரு பிடி கரிசல் மண்ணும் வை. பதிலுக்கு ஒரு மல்லாட்டைச் செடியைக் காயோடு உலர்த்தி, சாமைக் கதிர்க் கட்டோடு அனுப்புகிறேன். உன் பிள்ளைகளிடம் கொடுத்து, கட்டம் போடுவதற்கு முன்னால் என்ன கேட்டார்கள் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி