‘நயாகரா’ வெறும் மன்றோ படம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

நயாகராவில் பார்க்க வேண்டியவை பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையில், 1953இல் வெளிவந்த ‘நயாகரா’ படத்தை ‘மர்லின் மன்றோவின் கவர்ச்சிப் படம்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். கனடாவின் ஸ்காபரோவிலிருந்து அங்கே சுற்றுலா வான் ஓட்டுபவன் நான். அந்தப் படத்தையும் பல தடவை பார்த்தவன். மன்றோ நன்றாகவே நடித்திருக்கிறார், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அந்தக் கொலைக் கதை நயாகராவை விட்டால் வேறெங்கும் நடக்காது. அதைச் சொல்லாமல் விட்டது பெரிய குறை.

ரோஸ் (மன்றோ) என்பவள் தன் கணவன் ஜோர்ஜைக் கள்ளக் காதலனை வைத்துக் கொல்லத் திட்டம் போடுகிறாள். அதற்குப் பிடித்த இடம், நீர்வீழ்ச்சிக்குப் பின்னால் பாறையைக் குடைந்த சுரங்கப் பாதை. இன்றைக்கும் நாங்கள் லிப்டில் இறங்கி, மஞ்சள் மழை அங்கியை மாட்டிக்கொண்டு போகிற இடம்தான். உள்ளே போனவர்களுக்குத் தெரியும், தண்ணீர் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் விளங்காது. தலையை மூடினால் யார் எவரென்றும் தெரியாது. கொலை செய்ய வந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? காரியம் முடிந்தால் அங்குள்ள ரெயின்போ மணிக்கோபுரத்தில் ரோசும் காதலனும் குறித்து வைத்த பாட்டு ஒலிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பாட்டு ஒலிக்கிறது, ரோசும் நம்பிவிடுகிறாள். பிணவறையில் துணியை விலக்கினால் கிடப்பவன் காதலன்!

சுரங்கத்துக்குள் நடந்த சண்டையைப் படம் காட்டவே இல்லை. தப்பிய ஜோர்ஜ், வாசலில் கழற்றிக் கொடுத்த தன் சப்பாத்தை விட்டுவிட்டு, செத்தவனுடைய சப்பாத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு போய்விடுகிறான். மிஞ்சிய அந்த ஒரு சோடிச் சப்பாத்தை வைத்துப் பொலிஸ் ஜோர்ஜைச் செத்தவன் என்று முடிவு கட்டுகிறது.

அப்புறம் அந்தக் கோபுரக் காட்சி. ஜோர்ஜ் ரோசைத் துரத்திக்கொண்டு மேலே போய்க் கழுத்தை நெரிக்கிறான். கமரா உயரத்திலிருந்து பார்க்கிறது. இடையிடையே மணிகளைக் காட்டுகிறார்கள், ஒன்றுகூட அசையவில்லை. இப்படிப்பட்ட குற்றப் படங்களைப் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் எடுத்த காலத்தில், இயக்குநர் ஹென்றி ஹதவே ரெக்னிக்கலர் என்ற வண்ண முறையில், அந்த இடத்துக்கே போய் எடுத்தார்.

ஜோர்ஜாக நடித்த ஜோசப் கொட்டன், பக்கத்து அறையில் தங்க வந்த பொலி என்ற பெண்ணிடம் ஒன்று சொல்வார்: மேலே ஆறு அமைதியாகத்தான் இருக்கும், ஒரு மரக்கட்டையைப் போட்டால் மெல்ல மிதக்கும், கொஞ்சம் கீழே வந்துவிட்டால் கடவுளாலும் அதை நிறுத்த முடியாது. கடைசியில் எண்ணெய் தீர்ந்த படகில் அவரே அந்தக் கட்டை மாதிரிப் போகிறார். போகும் முன் பொலியை ஒரு பாறையில் ஏற்றிவிடுகிறார், ஹெலிகொப்டர் வந்து அவளைத் தூக்குகிறது. தன் உயிர் போகிற நேரத்தில் கொலைகாரன் செய்கிற அந்த ஒரு காரியம் எனக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சை அடைக்கும்.

படகு இப்படி அடித்துப் போவதைச் சினிமாக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 1918 ஓகஸ்ட்டில் இழுவைப் படகிலிருந்து கழன்ற இரும்புப் படகொன்று இரண்டு பேருடன் நீர்வீழ்ச்சியின் விளிம்புக்குச் சற்று முன்னால் ஆற்றுப் பாறையில் சிக்கியது. கயிறு கட்டி இருவரையும் காப்பாற்றினார்கள். படகு அங்கேயே துருப்பிடித்துக் கிடந்தது. 2019 ஒக்டோபர் 31இல் அடித்த புயலில்தான் கொஞ்சம் கீழே நகர்ந்தது. எங்கள் சனம் கீழே நின்று படம் எடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். நீர்வீழ்ச்சிக்கு மேலே ஆற்றோரம் இருக்கும் சிப்பாவாப் பக்கம் போய் அந்த அமைதியான தண்ணீரையும் பார்த்தால்தான் கொட்டன் சொன்னது புரியும்.

கட்டுரையாளர் படத்தை முழுதாகப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை எழுத வேண்டும். அதற்கு அரைப் பக்கமாவது ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு சுற்றுலா வான் சாரதி,
ஸ்காபரோ.