உருபும் காலம் காட்டும்

ஆசிரியருக்கு,

ஐயா,

தங்கள் வேலூர் பதிப்பின் மாணவர் பக்கத்தில், சொந்தமாக மொழி உருவாக்குவது பற்றி வந்த கட்டுரை வரவேற்கத்தக்கது. ஆனால், வேற்றுமை உருபு காலம் காட்டாது என்று அதில் முடிவு கட்டியிருப்பது சரியல்ல. பெயர் காலம் காட்டாது, வினையாலணையும் பெயர் மட்டும் விலக்கு என்ற தொல்காப்பிய விதி தமிழுக்குச் சொன்னது. பின்லாந்து நாட்டின் ஃபின்னிஷ் மொழியில் 'லுவென் கிர்யா' என்றால் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறேன். 'லுவென் கிர்யன்' என்றால் படித்து முடிப்பேன். வினை அதேதான், பெயரின் ஈறுதான் மாறுகிறது. ஆஸ்திரேலியாவின் பெண்டிங்க் தீவில் வழங்கிய கயார்தில்ட் மொழியில், இறந்தகால வாக்கியத்தில் செயப்படுபொருளும் கருவிப்பெயரும்கூட அக்காலத்துக்குரிய உருபை ஏற்கும். அவ்வளவு தூரம் போவானேன்? வாணியம்பாடி, ஆம்பூர்ப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் உருதுவில், 'லட்கே நே ரொட்டி காயீ', அதாவது பையன் ரொட்டி தின்றான் என்னும்போது எழுவாயோடு வரும் 'நே', தின்கிறான், தின்பான் என்னும்போது வராது. (தென்னாட்டுப் பேச்சு உருதுவான தக்னியில் அந்த 'நே' பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.)

மாணவர்கள் செய்துபார்க்க ஒரு வழி உண்டு. வினைக்குக் காலம் காட்டாத ஒரே வடிவம் வையுங்கள். செயப்படுபொருளுக்கு மட்டும் மூன்று உருபு போதும்: இறப்புக்கு 'நா', நிகழ்வுக்கு 'ஐ', எதிர்வுக்கு 'மே'. 'அக்கா கத்தரிக்காய்நா வாங்' என்றால் வாங்கினாள். 'கத்தரிக்காயை வாங்', வாங்குகிறாள். 'கத்தரிக்காய்மே வாங்', வாங்குவாள். எட்டு வேற்றுமைக்கும் மும்மூன்று உருபு கட்டினால் 24 ஈறுகள் ஆகும். உருவாக்கியவருக்கே நினைவில் நிற்காது.

சிக்கல் தொடங்குவது 'மழை பெய்தது' என்பதில். செயப்படுபொருள் இல்லை, காலம் எங்கே உட்காரும்? எழுவாய்க்கே ஏற்றி 'மழைநா பெய்' என்று வைக்கலாம். குழப்பம் வராது, இரண்டு பெயர் வரும் இடத்தில் உருபில்லாத பெயரே செய்பவர். இதைவிடப் பெரிய தொல்லை நம் பேச்சு வழக்கில் இருக்கிறது. "கத்தரிக்காய் வாங்கினாயா?" என்றால் "வாங்கினேன்" என்றுதான் பதில் சொல்வோம். அங்கே பெயரை விட்டால் காலமும் போய்விடும். ஆகவே 'அதுநா வாங்' என்று ஒரு சுட்டுப்பெயரைக் கட்டாயமாக்க வேண்டும். எதிர்மறையையும் மறக்கக் கூடாது. ஃபின்னிஷில் 'இல்லை' என்று வந்தாலே செயப்படுபொருள் 'கிர்யா' வடிவத்துக்குப் போய்விடும். மேலே சொன்ன வேறுபாடு அங்கே மறைந்துவிடும்.

இன்னொன்றையும் இதோடு கலக்கக் கூடாது. பராகுவேயின் குவாரனி மொழியில் 'குவே' என்ற ஒட்டு, ஒருகாலத்தில் வீடாக இருந்ததை 'ஓககுவே' ஆக்கும். அது அந்தப் பெயரின் காலம். வாக்கியத்தின் காலம் அல்ல. நாம் 'முன்னாள் தாசில்தார் நாளை வருவார்' என்கிறோமே, அதைப் போல. 'நா' என்ற ஒரே உருபை இரண்டு வேலைக்கும் வைத்தால், 'அவர் தாசில்தார்நா' என்பது தாசில்தாராக இருந்தார் என்பதா, முன்னாள் தாசில்தார் என்பதா என்று தெரியாது. கட்டுரையின் அடுத்த பகுதியில் இவ்விரண்டையும் பிரித்து, தனித்தனிப் பயிற்சி வாக்கியங்களோடு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், காட்பாடி