டிஸ்க்கைச் சுருக்குகிறேன் என்று கல்யாண வீடியோக்களை அழித்தது தொடர்பாகப் புகார்

அனுப்புநர்: ஸ்டுடியோ உரிமையாளர், குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்.

ஐயா,

வணக்கம். இது நான்காவது கடிதம். முந்தைய மூன்றுக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற மெசேஜோடு சரி.

என்னிடம் இருப்பது நீங்கள் உபுண்டு (லினக்ஸ் வகை ஓஎஸ்) போட்டு விற்ற அதே 4 டிபி டிஸ்க் உள்ள மெஷின்தான். முழு டிஸ்க்கும் ஒரே பார்ட்டிஷன், அதாவது ஒரே பகுதி; அதில் இருப்பது லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் (ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை). ஆல்பம் சாஃப்ட்வேருக்கு விண்டோஸ் வேண்டும், 1 டிபி ஒதுக்க முடியுமா என்று கேட்டேன். "அஞ்சு நிமிஷ வேலை, சுருக்கிடலாம்" என்றார் உங்கள் நாகர்கோவில் சர்வீஸ் சென்டர் பையன்.

அஞ்சு நிமிஷமா ஐயா? உள்ளே இரண்டரை டிபி வீடியோ கிடக்கிறது. கடைசிப் பகுதியில் இருப்பதை முன்னால் நகர்த்தவே மணிக்கணக்காகும். பேக்கப் எடுத்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாம் தடவை போனதை மறக்கவே மாட்டேன். கொட்டும் மழையில் சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு, தக்கலையில் பஸ் மாறி, வடசேரியில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனால், இன்ஜினியர் லீவாம். கவுண்டரில் அதே பையன். செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "நீங்கதானே சின்னதாக்கச் சொன்னிய, ஆக்கித் தந்தாச்சுல்லா, பொறவு என்ன?" என்றார். என் வயதுக்காவது மரியாதை வேண்டாமா?

என்ன நடந்தது என்பதை என் அக்கா மகன்தான் பார்த்துச் சொன்னான். சுருக்கும்போது ஃபைல் சிஸ்டம் முதலில், பார்ட்டிஷன் பிறகு. மவுண்ட்டை எடுத்துவிட்டு (அந்தப் பகுதி பயன்பாட்டில் இல்லாதபடி கழற்றிவிட்டு), பிழை சோதித்து, ரீசைஸ்2எஃப்எஸ் என்ற கருவியால் ஃபைல் சிஸ்டத்தைக் குறைத்த பிறகுதான் பார்ட்டிஷனில் கை வைக்க வேண்டுமாம். உங்கள் ஆள் எடுத்த எடுப்பில் பார்ட்டிஷனை வெட்டியிருக்கிறார். அதோடு விட்டிருந்தால்கூட பழைய எல்லையைத் திரும்ப வைத்து மீட்டிருக்கலாம். வெட்டிய இடத்தில் விண்டோஸையும் ஏற்றிவிட்டார்! உங்கள் பொருள், உங்களுக்குத் தெரியாதா?

தனியாக ஒரு எஸ்எஸ்டி டிஸ்க் மாட்டி அதில் விண்டோஸ் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒருத்தர் சொல்லியிருந்தால் சில ஆயிரத்தோடு முடிந்திருக்கும். டிஸ்க்கைத் தொடவே வேண்டியிருக்காது. இப்போது என் பதினெட்டு வருஷத் தொழிலே போச்சு. திருவட்டார் மாப்பிள்ளை வீட்டார் தினமும் கடை வாசலில் நிற்கிறார்கள். தாலி கட்டுவதை இன்னொரு தடவை எடுக்க முடியுமா?

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. டேட்டா மீட்கும் செலவு முழுவதையும் ஏற்று, 15 நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார், அடுத்தது நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். உங்கள் வக்கீல்தான் இங்கே வர வேண்டும்.

மெஷினை அணைத்து வைத்திருக்கிறேன். இனி அதைச் சுமந்துகொண்டு வர என்னால் ஆகாது, நீங்களே ஆள் அனுப்புங்கள். அந்தப் பையன் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஸ்டுடியோ உரிமையாளர்