பரிசோதனையைச் சிகிச்சைக் கணக்கில் எழுதாதீர்கள்: கலிஃபோர்னியா தொழிலாளர் இழப்பீட்டுப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும் தொழிலாளர் இழப்பீட்டுப் பிரிவின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். வேலையிடத்தில் காயமுற்ற தமிழர்களுக்கு மருத்துவர் அறையில் உரைபெயர்ப்பாளராக உடன் அமர்பவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் சரிசெய்யும் கைரோபிராக்டிக் சிகிச்சைக்கு உள்ள 24 வருகை என்ற வரம்பை நீக்குமாறு உங்களிடம் கேட்கப்போவதில்லை. அது சட்டமன்றம் விதித்தது, மாற்ற வேண்டுமானால் சட்டமன்றமே மாற்ற வேண்டும். ஆனால் எதை ஒரு வருகையாக எண்ணுவது என்பது உங்கள் பிரிவு வகுத்த விதிகளில் இருக்கிறது. அந்த எண்ணிக்கை முறையைத் திருத்தும்படி கேட்பதே என் நோக்கம்.

2004 ஜனவரி 1 முதல் ஏற்பட்ட காயங்களுக்கு, ஒரு காயத்துக்கு 24 கைரோபிராக்டிக் வருகைகள், 24 பிசியோதெரபி வருகைகள், அன்றாட வேலைகளை மீண்டும் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கு 24 வருகைகள் என்று தொழிலாளர் சட்டத் தொகுப்பின் 4604.5ஆம் பிரிவு உச்ச அளவு வைத்திருக்கிறது. அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய சிகிச்சைக்கும், முதலாளி எழுத்து மூலம் கூடுதலாக அனுமதிக்கும் வருகைகளுக்கும் மட்டுமே விலக்கு உண்டு. அந்நாட்களில் காப்பீட்டுக் கட்டணங்கள் ஏறிய வேகத்தையும், முடிவின்றி நீளும் சிகிச்சைகள் மீது இருந்த ஐயத்தையும் நினைத்துப் பார்த்தால், ஏதோ ஒரு வரம்பு வந்தது வியப்பில்லை. வாரம் மூன்று முறை வரச்சொல்லி, எப்போது நிறுத்துவோம் என்று சொல்லாமலே போகும் சிகிச்சையை நானும் ஆதரிக்கவில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பிசியோதெரபி வருகைகள் 24 முடிந்தாலும், அதை எழுதிக்கொடுத்த மருத்துவர் அந்தத் தொழிலாளியின் முதன்மைச் சிகிச்சை மருத்துவராகவே, அதாவது சிகிச்சைக்குப் பொறுப்பேற்று அறிக்கை அனுப்புபவராகவே, தொடர்கிறார். கைரோபிராக்டரின் நிலை அப்படியன்று. இம்மாநிலச் சட்டம் அவரையும் மருத்துவர் என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. முதன்மைச் சிகிச்சை மருத்துவராக இருக்கவும் அனுமதிக்கிறது. ஆனால் 24 வருகைகள் முடிந்ததும், முதலாளி கூடுதலாக அனுமதித்தாலன்றி, அந்தப் பொறுப்பையே பறித்துவிடுகிறது. இதற்கு மேல் உங்கள் விதிகள் இன்னொரு படி செல்கின்றன: முதுகெலும்பில் கைவைத்துச் சிகிச்சை அளித்தாலும் சரி, பரிசோதித்து அறிக்கை எழுதியதோடு நின்றாலும் சரி, அலுவலகத்துக்குள் வந்த ஒவ்வொரு வருகையும் கணக்கில் சேரும் என்கின்றன.

இதன் விளைவை ஒரு கணக்கால் காட்டுகிறேன். கிடங்கில் சுமை தூக்கும்போது இடுப்புப் பிடித்துக்கொண்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் பரிசோதனை ஒன்று. பிறகு நான்கு வாரம், வாரத்துக்கு மூன்று. அடுத்த நான்கு வாரம், வாரத்துக்கு இரண்டு. மொத்தம் 21 ஆகிவிட்டது, மீதம் மூன்று. சிகிச்சை தொடரும்வரை 45 நாளுக்கு ஒருமுறையாவது அறிக்கை அனுப்ப வேண்டும் என்பதும் உங்கள் விதிதான். அந்த மூன்றையும் அறிக்கைக்கான பரிசோதனைகளுக்கே செலவிட்டால், வேலைக்குத் திரும்பிய பின் வலி மீண்டும் கிளம்பும்போது சிகிச்சைக்கு ஒன்றும் மிஞ்சாது. சிகிச்சைக்கு வைத்துக்கொண்டால் அறிக்கைக்கு மிஞ்சாது. தற்காலிக இயலாமைக்கான உதவித்தொகையோ ஐந்தாண்டுக்குள் 104 வாரம் வரை நீளலாம். அந்தத் தொகை வருவதும், இத்தனை பவுண்டுக்கு மேல் தூக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை மேற்பார்வையாளர் மதிப்பதும் அந்த அறிக்கைத் தாள்களை நம்பியே இருக்கின்றன. மருத்துவர் பொறுப்பிலிருந்து விலகினால், காப்பீட்டாளரின் மருத்துவர் வலையமைப்புக்குள், பாதி வழியில் நிற்கும் ஒரு கோப்பை ஏற்க மனமுள்ள இன்னொருவரைத் தேட வேண்டும். ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கு இந்தத் தேடல் எளிதன்று என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

விந்தை என்னவென்றால், கைரோபிராக்டர்களையே, காயம் குறித்த மருத்துவப் பிணக்குகளில் பரிசோதித்துக் கருத்துச் சொல்லும் தகுதிபெற்ற மருத்துவ மதிப்பீட்டாளர்களாகவும் இம்மாநிலம் நியமிக்கிறது. முன்பின் பார்த்திராத ஒருவரின் நிரந்தர இயலாமை எவ்வளவு என்று மதிப்பிட அவரை நம்பும் நாம், எட்டு வாரம் தம் கைப்படச் சிகிச்சை அளித்தவரைப் பற்றி அறிக்கை எழுத நம்ப மறுப்பதற்கு என்ன காரணம் சொல்ல முடியும்?

இச்சிகிச்சை எல்லா வலிக்கும் மருந்து என்று நான் வாதிடவில்லை. கைரோபிராக்டர் இம்மாநிலத்தில் மருந்து எழுதவோ அறுவைச் சிகிச்சை செய்யவோ முடியாது; கழுத்தைத் திருகும் முறைகளில் இரத்தக்குழாய் கிழியும் ஆபத்து, அரிதாயினும், பேசப்படுகிறது. கீழ்முதுகு வலிக்கான அதன் பயன் மிதமானதுதான். ஆயினும் 2017இல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல், புதிதாக வந்த கீழ்முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன் முயல வேண்டிய முறைகளில் முதுகெலும்புக் கைச்சிகிச்சையையும் சேர்த்தது. அடிமையாக்கக்கூடிய ஓபியாய்டு வலிநிவாரணிகளால் பட்ட பாட்டுக்குப் பிறகு அந்த வரிசை முறையை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

ஆகவே என் கோரிக்கை இது. பரிசோதனையும் அறிக்கையும் மட்டுமே நடந்த வருகையை 24இல் சேர்க்காதீர்கள். சிகிச்சையும் பரிசோதனையும் ஒரே நாளில் நடந்தால் அதைச் சிகிச்சை வருகையாகவே எண்ணுங்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. இச்சலுகையைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற அச்சம் நியாயமானதே. அதற்கு, கணக்கில் சேராத பரிசோதனை 45 நாளுக்கு ஒன்று மட்டும் என்று வரையறுக்கலாம். அந்த அறிக்கையில் வலியின் அளவை மட்டும் எழுதினால் போதாது, எவ்வளவு எடை தூக்க முடிகிறது, எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, எந்த வேலைக் கட்டுப்பாடு தளர்ந்தது என்பதைக் காட்ட வேண்டும் என்று கேட்கலாம். செயல்திறன் முன்னேற்றம் என்ற அளவுகோல் உங்கள் சிகிச்சை வழிகாட்டு விதிகளில் முன்பே இருப்பதால், புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 16ஆவது வருகை முடிந்ததும், இன்னும் எட்டு மட்டுமே உள்ளன, அதன் பிறகு இவர் உங்கள் மருத்துவராக இருக்க இயலாது, மேலும் வேண்டுமானால் முதலாளியிடம் எழுத்து மூலம் அனுமதி கேட்கலாம் என்று காப்பீட்டு நிர்வாகி தொழிலாளிக்கு அவருக்குப் புரியும் மொழியில் கடிதம் அனுப்புவதைக் கட்டாயமாக்குங்கள். வரம்பு என ஒன்று இருப்பதையே 24ஆவது வருகையன்று வரவேற்பு மேசையில் நின்று அறிந்துகொள்ளும் நிலை இதனால் தவிரும்.

இத்திருத்தத்துக்கான வரைவை வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தைக் கேட்பீர்களாயின், காயமுற்றவர்கள் தம் மொழியிலேயே எழுதி அனுப்பவும் வழிசெய்யுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு தமிழ் உரைபெயர்ப்பாளர்