ஆம்ப்பைக் கழற்றாதே

அன்புள்ள பாஸ்கர்,

பாட்டைப் போட்டதும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) இரைகிறது என்ற உன் தகவலைப் பார்த்த கையோடு எழுதுகிறேன். ஆம்ப்பை இன்னும் மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போகவில்லையே? போகாதே. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வை.

இரைவது உன் ஆம்ப் இல்லை, ஆல்பம். டைப் ஓ நெகட்டிவ் என்ற மெட்டல் இசைக்குழுவின் 'அக்டோபர் ரஸ்ட்' தொடங்குவதே அப்படித்தான். முதல் டிராக்கின் பெயர் 'பேட் கிரவுண்ட்'. எர்த் சரியில்லாத ஒயரின் இரைச்சல், 40 வினாடிக்குள் முடிந்துவிடும், வேறு ஒன்றும் கிடையாது. அடுத்த டிராக்குக்குப் பெயரே இல்லை. குழுவின் நாலு பேரும் மைக் முன்னால் சிரித்துக்கொண்டே ஆல்பம் வாங்கியதற்கு நன்றி சொல்கிறார்கள். நீ அதுவரைக்கும் போகாமலே நிறுத்திவிட்டு எனக்கு மெசேஜ் தட்டியிருக்கிறாய். அவசரக்குடுக்கை என்று முரளி உன்னைச் சொல்வதில் தப்பே இல்லை.

சந்தேகம் இருந்தால் ஒரே சோதனை போதும். பாட்டை நிறுத்து, வால்யூமை அப்படியே விடு. இரைச்சலும் நின்றால் அது ஆல்பத்தில் இருப்பது. நிற்காவிட்டால் உன் வீட்டுச் சமாச்சாரம். நீ பாட்டு வாத்தியாரிடம் உட்கார்ந்தவன் என்பதால் இன்னொரு வழியும் சொல்கிறேன். இவர்கள் நியூயார்க்கின் புரூக்ளின்காரர்கள். அங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. எர்த் இரைச்சல் அந்த எண்ணிலும் அதன் மடங்குகளிலும்தான் வரும். நம் ஊர் இரைச்சலை சட்ஜமாக வைத்தால் அந்த ஊர் இரைச்சல் சாதாரண காந்தாரம். ஆறுக்கு ஐந்து, கணக்கு சுத்தம். உன் காதுக்குப் பிடிபடும்.

நிஜமாகவே உன் வீட்டு இரைச்சல்தான் என்றால் முதலில் கேபிள் டிவி பெட்டியின் ஒயரைக் கழற்றிப் பார். பாதி வீடுகளில் அதுதான் காரணம். பெட்டி ஒரு பிளக்கில், ஆம்ப் வேறு பிளக்கில் இருந்தால் இரண்டு எர்த்துக்கும் நடுவே ஒரு சுற்று உண்டாகி, அதில் ஓடும் மின்சாரம் ஸ்பீக்கரில் இரைச்சலாக வரும். எல்லாவற்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகு. லேப்டாப்பிலிருந்து வாசித்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஒருமுறை கேள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிட்டால் சரியாகும் என்று எவனாவது சொன்னால் அவனை வீட்டுக்குள் விடாதே. இரைச்சல் போகும், உயிரும் சேர்ந்து போகும்.

இங்கே எல்லோரும் நலம். பத்மா அக்கா வீட்டு கிரகப்பிரவேசம் தையில்தான். மற்றதை நேரில் பேசுவோம்.

இப்போது நான் சண்டை போட வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். முன்பு நடுவிலிருந்து சில பாட்டுகளைக் கேட்டுவிட்டு, "எல்லாம் கலங்கலாக இருக்கு, பேஸ் ஒன்றும் கேட்கலை, அவர் குகைக்குள்ளே இருந்து பாடுறார்" என்று எழுதியிருக்கிறாய். எதில் கேட்டாய்? அந்த உள்ளங்கை புளூடூத் டப்பாவிலும், பிறகு அலமாரி மூலையில் செருகி வைத்திருக்கும் 4 இன்ச் ஸ்பீக்கரிலும். பாஸ்கர், இந்த ஆல்பத்தின் அஸ்திவாரமே பேஸ் என்ற கீழ்க்கட்டை ஒலிதான், அது உன் ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளும் இடத்துக்குக் கீழேதான் இருக்கிறது!

கணக்கைப் பார். சாதாரண பேஸ் கிடாரின் தடித்த கம்பி ஈ (E) சுரம், 41 ஹெர்ட்ஸ். இந்தக் குழுவில் பாடுவதும் பேஸ் வாசிப்பதும் பீட்டர் ஸ்டீல்; அவர் அதை பி (B) வரைக்கும் இறக்கி வைத்து வாசித்தவர். அது 31 ஹெர்ட்ஸ். 4 இன்ச் ஸ்பீக்கர் 60, 70க்குக் கீழே கிட்டத்தட்ட ஊமை. அப்படியானால் உனக்கு எப்படிக் கொஞ்சமாவது கேட்கிறது? அவர் பேஸை சுத்தமாக வாசிக்கவில்லை, டிஸ்டார்ஷன் போட்டு, அதாவது ஒலியை வேண்டுமென்றே சிதைத்து வாசிக்கிறார். டிஸ்டார்ஷன் என்றாலே மேல் மடங்குகள் பெருகும்: 62, 93, 124. அந்த மடங்குகளைக் கேட்டதும் அடியில் இருக்க வேண்டிய 31ஐ காது தானாகவே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். ஆகவே சுரம் தெரியும், உடம்பு தெரியாது. நீ கேட்டது அவருடைய பேஸின் தோல் மட்டும்.

இன்னொன்று. இந்த இசைக்குழுவில் பேஸ் அடியில் முட்டுக்கொடுக்கும் வேலையை மட்டும் செய்வதில்லை. டிஸ்டார்ஷனும், ஒலியை இரட்டித்துக் காட்டும் கோரஸ் எஃபெக்ட்டும் சேர்த்து பீட்டர் அதைக் கிடார் மாதிரி வாசிக்கிறார்; பல இடங்களில் முதன்மை ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் இசைத் துணுக்கு, அதிலேதான் இருக்கிறது. கென்னி ஹிக்கியின் கிடார் அதன்மேல் கோடு போடுகிறது, ஜோஷ் சில்வரின் கீபோர்டு நடுவில் நிரம்புகிறது. டிரம்ஸ் மிஷினில் புரோகிராம் செய்தது, அட்டையில் ஜானி கெல்லி பெயர் இருந்தாலும். அது குறையே இல்லை. தாளம் அசையாமல் நிற்பதால்தான் மற்ற மூன்றும் அவ்வளவு சாவகாசமாக மிதக்க முடிகிறது. முரளி புகழும் பாரடைஸ் லாஸ்ட் குழுவின் 'டிராகோனியன் டைம்ஸ்', 1995, அதுவும் அருமையான ஆல்பம்தான். ஆனால் அங்கே மெலடியைத் தூக்கிக்கொண்டு போவது கிரெகர் மேக்கின்டாஷின் லீட் கிடார், அதனால் சின்ன ஸ்பீக்கரிலும் பிழைத்துக்கொள்ளும். இது பிழைக்காது.

ஆகவே இப்படிச் செய். ஸ்பீக்கரை அலமாரியிலிருந்து வெளியே எடு. மூலை பேஸைப் பெருக்கும், ஆனால் தாறுமாறாகப் பெருக்கும். சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி தள்ளி வை. உன் அறை பன்னிரண்டுக்குப் பத்து அடி. அந்த நீள அகலத்துக்கு 47, 56 ஹெர்ட்ஸிலும் அவற்றின் மடங்குகளிலும் அறையே அதிரும், நீ சொன்ன கலங்கலில் பாதி அதுதான். அறைக்கு நட்டநடுவில் உட்காராதே, அங்கே பேஸ் வற்றிவிடும். முதுகைச் சுவரில் சாய்த்தும் உட்காராதே, அங்கே குவியும். இரண்டுக்கும் இடையே ஏதாவது ஓர் இடத்தில் நாற்காலியைப் போடு.

லவுட்னெஸ் பொத்தானை அணை. ஈக்வலைசரில் பேஸை ஏற்றாதே: ஸ்பீக்கரால் கொடுக்க முடியாததை ஆம்ப்பிடம் கேட்டால் ஆம்ப் திணறி, குரலும் சேர்ந்து கரகரக்கும். அதற்குப் பதில் 250 ஹெர்ட்ஸ் பக்கத்தில் 2, 3 டெசிபல் குறைத்துப் பார். பீட்டரின் குரலும் கீழ்க்கட்டைதான். குரல், கிடார், கீபோர்டு எல்லாம் அந்த இடத்தில்தான் முட்டிக்கொள்கின்றன. அதைக் கொஞ்சம் ஒதுக்கினால் குகையிலிருந்து மனுஷன் வெளியே வந்துவிடுவார். ஆப்பில் ஷஃபிளும் கிராஸ்ஃபேடும் இருக்கவே கூடாது. ஒரு பாட்டின் வாலை இன்னொன்றின் தலையில் ஒட்டினால் இந்த ஆல்பம் செத்துவிடும்.

மொத்தம் 70 நிமிடத்துக்குச் சற்று மேல். பொறுமை இல்லாவிட்டால் 'லவ் யூ டு டெத்' ஒன்றையாவது முழுசாகக் கேள். பியானோ தனியாக வந்து, பிறகு பேஸ் இறங்கும் அந்த நொடி கலங்காமல் பிடிபட்டால் உன் ஸ்பீக்கர் சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். 'கிரீன் மேன்' உனக்குப் பிடிக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். பீட்டர் இசைக்கு முழுநேரமாக வருமுன் நியூயார்க் நகரப் பூங்காத் துறையில் வேலை பார்த்தவர். பச்சைச் சீருடையைப் பார்த்துக் குழந்தைகள் வைத்த பெயர் அது. பருவங்கள் மாறுவதைப் பற்றிய பாட்டு, சாவைப் பற்றியது இல்லை. இருட்டு, இருட்டு என்று நீ பயப்படும் ஆல்பத்தில் இவ்வளவு பச்சை இருக்கிறது. 'சின்னமன் கேர்ள்' நீல் யங்கின் 1969ஆம் வருஷப் பாட்டு. மூலத்தைக் கேட்டுவிட்டு இதற்கு வா. 'ஹாண்டட்' பத்து நிமிடம், அதை அவசரப்படுத்தாதே.

'ரெட் வாட்டர்' பற்றி மட்டும் நிதானமாகச் சொல்கிறேன். கிறிஸ்துமஸ் பாட்டு அது. அந்தப் பாட்டில், போன வருஷம் 11 பேர் உட்கார்ந்து சாப்பிட்ட மேஜையில் இந்த வருஷம் 7 பேருக்குத்தான் இடம் போட்டிருக்கிறது. அப்பா இல்லாத முதல் தீபாவளி உனக்கு இது. அந்தப் பாட்டைத் தாண்டிப் போ என்று சொல்லமாட்டேன், அது ரொம்ப நல்ல பாட்டு. ஆனால் ராத்திரி தனியாக உட்கார்ந்து கேட்காதே. பகலில், அம்மா அடுத்த அறையில் இருக்கும்போது கேள். தாங்கவில்லை என்றால் எனக்கு ஃபோன் போடு, எந்த நேரமானாலும்.

பீட்டரும் 2010 ஏப்ரலில் போய்விட்டார். 48 வயசுதான்.

என் ஹெட்ஃபோன் முரளியிடம் தூங்குகிறது. காதை முழுசாக மூடும் வகை, 31 வரைக்கும் தாராளமாக இறங்கும். போய் வாங்கிக்கொள். தரமாட்டேன் என்று அடம் பிடித்தால் ஆம்பூர் விஷயத்தை சித்ராவிடம் சொல்லிவிடுவேன் என்று சொல், தானாகத் தருவான். ஸ்பீக்கரை நகர்த்திவிட்டு எத்தனையாவது பாட்டில் உனக்கு பேஸ் பிடிபட்டது என்று மறக்காமல் எழுது. 'பேட் கிரவுண்ட்' கணக்கில் வராது.

அன்புடன்,
மணி