முன்கண்ணாடி மாற்றியபின் வேலை செய்யாத லேன் கீப்பிங் அசிஸ்ட் குறித்த புகார்

சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தீவு விரைவுச்சாலையில் லாரியிலிருந்து தெறித்த கல் பட்டு என் காரின் முன்கண்ணாடி விரிசல் விட்டது. உங்கள் பணிமனையில்தான் மாற்றினேன். வண்டியைத் திரும்ப எடுத்ததிலிருந்து, கார் தடத்தை விட்டு விலகாமல் ஸ்டியரிங்கைத் திருத்தும் லேன் கீப்பிங் அசிஸ்ட் இயங்கவில்லை. பொத்தானை அழுத்தினால் சின்னம் வருகிறது. ஆனால் சாம்பல் நிறத்திலேயே நிற்கிறது, பச்சைக்கு மாறுவதே இல்லை.

மறுபடி கொண்டுவந்தபோது உங்கள் ஊழியர் காரில் பதிவான கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஃபால்ட் கோட் எதுவும் இல்லை. ரோட்டில் கோடு மங்கியிருக்கும், இல்லாவிட்டால் மழையாக இருந்திருக்கும்" என்றார். வேகம் 60ஐத் தாண்ட வேண்டும் என்றும் சொன்னார். அது காரின் கையேட்டிலேயே இருக்கிறது.

சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று காலாங்-பாய லேபார் விரைவுச்சாலைக்குப் போனேன். அங்கே சுரங்கம் மட்டுமே ஏறக்குறைய 9 கிலோமீட்டர். உள்ளே மழையும் இல்லை, வெயில் கூச்சமும் இல்லை. கோடுகள் பளிச்சென்று தெரிகின்றன. 70ஐ ஒட்டிச் சீராக ஓட்டியும் சின்னம் நிறம் மாறவில்லை. கண்ணாடி மாற்றுவதற்கு முன் இதே சுரங்கத்தில் ஸ்டியரிங் லேசாகத் திருத்துவது கையில் தெரியும்.

உங்கள் ஊழியர் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் குறைக்கும் குரூஸ் கண்ட்ரோல் ஒழுங்காக வேலை செய்கிறது. என் காரில் அது பம்பரில் உள்ள ரேடாரைக் கொண்டு இயங்குவது. ஆனால் வேக வரம்புப் பலகையைப் படித்துக் காட்டுவதும், எதிரே வண்டி வந்தால் ஹை பீமைத் தானாகத் தாழ்த்துவதும் லேன் அசிஸ்ட்டோடு சேர்ந்தே நின்றுவிட்டன. இந்த மூன்றுக்கும் கண் ஒன்றுதான்: ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமரா. கோளாறு ரோட்டிலா, கேமராவிலா என்று சந்தேகப்பட இன்னும் என்ன இருக்கிறது?

முன்கண்ணாடியை மாற்றினால் அந்தக் கேமராவை மறுபடி கேலிப்ரேட் செய்ய வேண்டும், அதாவது அது பார்க்கும் கோணத்தைத் துல்லியமாகச் சரிசெய்ய வேண்டும். கோணம் ஒரு டிகிரி விலகினாலே 50 மீட்டர் தூரத்தில் 87 சென்டிமீட்டர் தள்ளிப் பார்க்கும். உங்கள் ரசீதில் 'கேமரா கேலிப்ரேஷன்' என்று தனி வரி இருக்கிறது, பணமும் வாங்கியிருக்கிறீர்கள். அதற்கான அறிக்கையைக் கேட்டால் "சிஸ்டத்தில் இருக்கும்" என்பதே பதில். (சிஸ்டத்தில் இருந்தால் அச்செடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?)

அந்த அறிக்கையை எனக்கு அனுப்புங்கள். செய்யவில்லை என்றால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அல்லது கூடுதல் கட்டணமின்றி இப்போதாவது செய்து தர வேண்டும். கேமராவின் தாங்கி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, கேமராவுக்கு முன்னுள்ள கண்ணாடிப் பகுதியில் பசையோ ஃபிலிமோ மறைக்கிறதா, போட்ட கண்ணாடி என் மாடலுக்கு உரியதுதானா என்பதையும் பாருங்கள். அப்புறம் என்னையும் உட்கார வைத்து விரைவுச்சாலையில் ஓட்டிக் காட்டுங்கள். ஸ்கேனரில் கோளாறு எதுவும் காட்டவில்லை என்ற பதிலை இனி ஏற்க மாட்டேன்.

இரண்டு வாரத்துக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால் சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்திடம் ரசீதோடு புகார் செய்வேன். சனிக்கிழமை காலைகளில் என்னால் வண்டியைக் கொண்டுவர முடியும்; நேரத்தை மின்னஞ்சலில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்